ஸ்கேனா, மாத்திரையா, பளு தூக்குவதா: ஐம்பதில் எதற்குச் செலவழிப்பது?

நான்கு மாதம் முன்பு நண்பர் ஒருவர் ஒரு கையேட்டை அனுப்பினார். அவருக்கு வயது 52. நீண்ட ஆயுளுக்கென்றே நடக்கும் ஒரு மருத்துவ மையத்தின் திட்டம் அது. முழு உடல் எம்ஆர்ஐ, நூற்றுக்கு மேற்பட்ட ரத்தப் பரிசோதனைகள், 'உயிரியல் வயது' சொல்லும் ஒரு சோதனை, எல்லாம் முடிந்தபின் மருத்துவரோடு ஒரு மணி நேரப் பேச்சு. கூடவே மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். இதில் சேரலாமா? அல்லது ஆயுளைக் கூட்டும் மாத்திரை, ராபமைசின் என்று எல்லாரும் பேசுகிறார்களே, அதைத் தொடங்கிவிடலாமா? இரண்டும் வேண்டாமென்றால், அந்தப் பணத்துக்கு ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு பளு தூக்கப் போகலாமா?

"அதெல்லாம் இருக்கட்டும், உன் பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"148-க்கு 92. ஆனா அது போன வருஷம் பார்த்தது" என்றார்.

மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. அவருடைய அப்பாவுக்கு 61 வயதில் பக்கவாதம் வந்தது. அதன்பின் பதினோரு வருடம் கட்டிலும் நாற்காலியுமாக இருந்தார். நண்பருக்குச் சாவைப் பற்றி அவ்வளவு பயமில்லை. பயமெல்லாம் அந்தப் பதினோரு வருடத்தைப் பற்றித்தான்.

நான் மருத்துவன் இல்லை. முதுமையைப் பற்றிய ஆய்வுகளை ஆர்வத்தால் படித்துவருபவன், அவ்வளவே. அவருக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 183 உறுப்பு நாடுகளின் தரவை வைத்து 2024-இல் ஒரு கணக்கு வெளியானது. மனிதர் சராசரியாக வாழும் மொத்த வருடங்களுக்கும், அதில் ஆரோக்கியமாக வாழும் வருடங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி 9.6 வருடம். 2000-இல் அது 8.5 ஆக இருந்தது. ஆயுள் கூடியிருக்கிறது, நோயோடு கழியும் காலமும் கூடவே கூடியிருக்கிறது. ஆக, ஒரு மாத்திரையோ பயிற்சியோ 'எத்தனை வருடம் தரும்?' என்று கேட்பதைவிட, அந்தக் கடைசிப் பத்து வருடத்தை என்ன செய்யும் என்று கேட்பதுதான் நண்பரின் பயத்துக்கு நேர்ப் பதில்.

அதற்கு நான் பார்ப்பது மூன்று விஷயம். மனிதர்களிடம் சோதித்தார்களா, சோதித்தபோது எண்ணியது எதை? ரத்தத்தில் ஒரு எண் இறங்கியதையா, பக்கவாதம் குறைந்ததையா, ஒருவர் தானாக நடந்துபோக முடிந்ததையா? அடுத்து, கணிப்பு தவறாகிவிட்டால் என்ன இழப்பு? மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்: இதைச் சேர்த்தால் வேறு எது கெடும்? 'எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் செஞ்சு வைப்போம், எது வேலை செய்யுதோ செய்யட்டும்' என்பது பாதுகாப்பான வழி போலத் தெரியும். அப்படி இல்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

மையத்தின் திட்டம்

முதலில் அந்த உயிரியல் வயது. நம் டிஎன்ஏவின் மேல் மீத்தைல் என்ற சிறு வேதிக்குறிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயது ஏற ஏற அவை இருக்கும் இடங்கள் ஓர் ஒழுங்கோடு மாறும். 2013-இல் ஸ்டீவ் ஹோர்வத் என்ற விஞ்ஞானி இப்படிப்பட்ட 353 இடங்களைப் பார்த்து ஒருவரின் வயதைக் கணிக்கும் கணக்கை வெளியிட்டார். எபிஜெனடிக் கடிகாரம் என்கிறார்கள். இறப்பு அபாயத்தைக் கணிக்கும் கடிகாரம், முதுமை ஓடும் வேகத்தை அளக்கும் கடிகாரம் என்று அதன்பின் பல வந்துவிட்டன. ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கு இவை அருமையான கருவிகள்.

தனி ஒருவருக்கு அப்படியில்லை. ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை அளந்தாலே, புகழ்பெற்ற கடிகாரங்கள் ஆறில் 3 முதல் 9 வருடம் வரை வித்தியாசம் வரக்கூடும் என்று 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஆய்வாளர்களே பிழையைக் குறைக்கும் வழியும் சொன்னார்கள், அது வேறு. ஆனால் ஒருவர் ஆறு மாதம் ஏதோ ஒரு திட்டத்தில் இருந்துவிட்டு 'எனக்கு நான்கு வயது குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்படும்போது, குறைந்தது வயதா, அளவுகோலின் ஆட்டமா என்று யாரும் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் நடந்த டூ-ஹெல்த் என்ற சோதனையில் 777 பேரின் கடிகாரங்களைப் பார்த்தார்கள். தினம் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு மூன்று வருடத்தில் சில கடிகாரங்கள் சுமார் மூன்று, நான்கு மாதம் மெதுவாக ஓடியிருந்தன. மூன்று வருடம் தினமும் விழுங்கி மூன்று மாதம் மிச்சம். அதுவும் கடிகாரத்தில். கடிகாரம் மெதுவானால் ஆள் கூடுதலாக வாழ்வார் என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

அடுத்தது முழு உடல் எம்ஆர்ஐ. 'சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே' என்ற வாதத்தை எதிர்த்துப் பேசுவது கஷ்டம், ஏனென்றால் சிலருக்கு அது உண்மை. ஆனால் தென்கொரியாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே 1999-இல் தேசிய அளவில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. தைராய்டு அதில் சேர்த்தியில்லை. ஆனாலும் 'கூடவே கழுத்தையும் பார்த்துவிடலாம்' என்று அல்ட்ராசவுண்ட் செய்யும் பழக்கம் பரவியது. 2011-இல் அந்த நாட்டில் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. யாரையும் எதுவும் செய்யாமல் இருந்திருக்கக்கூடிய சின்னக் கட்டிகளுக்காக எத்தனையோ பேர் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்களாக ஆனார்கள். அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாதவர்களுக்கு முழு உடல் ஸ்கேனை அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைக்காததற்குக் காரணமும் இதுதான். ஐம்பது வயது உடம்பில் தேடினால் ஏதாவது அகப்படும். அகப்பட்டதைத் தொடர்ந்துபோகும் ஊசியும், மறு ஸ்கேனும், தூக்கமில்லாத ராத்திரிகளும் கையேட்டில் இருக்காது.

குடும்பத்தில் இளவயதிலேயே புற்றுநோய் வந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மரபணு ஆலோசனைக்குப் போய், தங்களுக்கு எந்த உறுப்பில் அபாயமோ அதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அது குறிபார்த்துச் செய்வது. இது வலைவீசுவது.

அந்த நூற்றுச் சொச்சம் ரத்தப் பரிசோதனைகளில் உருப்படியானவை சில உண்டு. ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ அதில் முக்கியம். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, உணவாலும் பயிற்சியாலும் அதிகம் மாறாது. வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லி ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல் 2019-இல் பரிந்துரைத்தது. அபோபி என்ற கொழுப்புத் துகள் எண்ணிக்கை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரகச் செயல்பாடு, வயதான பெண்களுக்கு எலும்பு அடர்த்தி ஆகியவையும் அப்படியே. ஆனால் இவற்றுக்கு நீண்ட ஆயுள் மையம் எதற்கு? சாதாரண மருத்துவரே எழுதிக்கொடுப்பார்.

ஒன்றை மட்டும் அந்த மையத்துக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். மருத்துவரோடு ஒரு மணி நேரம் நிதானமாகப் பேசுவது. வழக்கமான மருத்துவம் பெரும்பாலோருக்குத் தராத பொருள் அது. பலர் பணம் கட்டுவது ஸ்கேனுக்காக அல்ல, அந்த ஒரு மணி நேரத்துக்காக என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் முடிவு வராத மாத்திரைகள்

ராபமைசினின் கதை கேட்கவே சுவாரஸ்யமானது. 1964-இல் கனடாவிலிருந்து ஒரு குழு ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் மாதிரிகளை எடுத்துவந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர் சுரக்கும் பொருளை சுரேன் சேகல் என்ற விஞ்ஞானியின் குழு பிரித்தெடுத்தது. தீவின் உள்ளூர்ப் பெயர் ராபா நூயி, மருந்தின் பெயர் அங்கிருந்து வந்தது. செல்லுக்குள் 'சத்து இருக்கிறது, வளர்' என்று கட்டளையிடும் எம்டார் என்ற புரதத்தை இது அடக்குகிறது. வளர்வது நின்றால் செல் பழுதுபார்க்கும் வேலைக்குத் திரும்பும், தன் குப்பையைத் தானே கரைத்துக்கொள்ளும். 1999-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தபோது நோக்கம் வேறு: மாற்று சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்வது. அதாவது நோய் எதிர்ப்பை அடக்குவது.

2009-இல் எலிகளிடம் நடந்த சோதனைதான் இதை ஆயுள் மருந்தாக ஆக்கியது. ஒரே சோதனையை மூன்று ஆய்வகங்களில் தனித்தனியாகச் செய்யும், நம்பகமான அமெரிக்க அரசுத் திட்டம் அது. எலிகளுக்கு 600 நாள் வயதான பிறகுதான், மனிதக் கணக்கில் அறுபதை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், மருந்தையே தொடங்கினார்கள். அப்படியும் பத்தில் ஒன்பது எலிகள் இறக்கும் வயது பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் தள்ளிப்போனது. முதுமையில் தொடங்கினாலும் பலன் உண்டு என்பது அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி.

சரி, மனிதர்களிடம்? வாரம் ஒருமுறை 5 அல்லது 10 மில்லிகிராம் கொடுத்து 48 வாரம் நடந்த பேர்ல் என்ற சிறிய சோதனை இருக்கிறது. அது முக்கியமாக அளந்த வயிற்று உட்கொழுப்பில் மாற்றம் இல்லை. 10 மில்லிகிராம் எடுத்த பெண்களுக்குத் தசை கொஞ்சம் கூடியது. 2014-இல் இதன் உறவுக்கார மருந்தான எவரோலிமஸை முதியவர்களுக்குக் கொடுத்தபோது ஃப்ளூ தடுப்பூசிக்கு அவர்கள் உடம்பு காட்டிய எதிர்வினை சுமார் 20 சதவீதம் கூடியது. அதை நம்பி அதே பாதையைத் தாக்கும் வேறொரு மருந்தோடு நடந்த பெரிய சோதனை 2019-இல் தோற்றது. வாய்ப்புண், கொழுப்பு ஏறுவது, தொற்று ஆகியவை தெரிந்த பக்கவிளைவுகள். தன் உடம்பையே ஆய்வகமாக்கி உலகுக்குக் காட்டும் பிரையன் ஜான்சன்கூட ஏறக்குறைய ஐந்து வருடம் எடுத்துவிட்டு 2024-இல் ராபமைசினை நிறுத்திவிட்டார். தோல் தொற்று, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் ஏறியதுதான் காரணம் என்று அவரே சொன்னார். ஒருவர் அனுபவம் சான்றாகாது. ஆனாலும் இது யோசிக்கவைக்கிறது.

இன்னொரு சங்கதி. ஆய்வக எலிகள் பெரும்பாலும் சாவது புற்றுநோயால். ஆகவே புற்றுநோயைத் தள்ளிப்போடும் எந்த மருந்தும் எலியின் ஆயுளை நீட்டும். மனிதரைக் கொல்வதில் முதலிடம் இதயமும் ரத்தக்குழாயும். நண்பரின் அப்பாவை வீழ்த்தியதும் ஒரு ரத்தக்குழாய்தான்.

மெட்ஃபார்மின் வேறு மாதிரி. அரை நூற்றாண்டுக்கு மேல் கோடிக்கணக்கானோர் சாப்பிட்ட சர்க்கரை மாத்திரை, மலிவு, பயம் குறைவு. 2014-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு, மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையே இல்லாதவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்ததாகச் சொன்னது. ஒரே பரபரப்பு. 2022-இல் டென்மார்க்கின் தரவில் அதைத் திரும்பத் தேடியபோது காணவில்லை. உண்மையை அறிய ஒரே வழி, சீட்டுக் குலுக்குவதுபோல் ஆட்களைக் குழுக்களாகக் குலுக்கிப் பிரித்துச் சோதிப்பது. நீர் பர்சிலாய் என்ற முதுமை ஆய்வாளர் முன்வைத்த டேம் சோதனை அதற்காகத்தான்: 65 முதல் 79 வயதுவரை உள்ள 3,000 பேர். பல வருடங்களாக முழு நிதி கிடைக்காமல் நிற்கிறது. காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரையில் யாருக்கு லாபம்?

இங்கேதான் 'இதைச் சேர்த்தால் வேறு எது கெடும்?' என்ற மூன்றாவது கேள்வி வருகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களை 14 வாரம் பளு தூக்கவைத்து, பாதிப் பேருக்கு மெட்ஃபார்மினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு 2019-இல் வந்தது. தசை அதிகம் கூடியது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு! இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் வரும் என்று எதிர்பார்த்துத்தான் அந்தச் சோதனையையே நடத்தினார்கள். முதுமையை எதிர்க்க ஆரோக்கியமான ஒருவர் விழுங்கும் மாத்திரை, முதுமைக்கு எதிராக அவரிடம் இருக்கும் நிச்சயமான ஆயுதத்தை மழுக்குகிறது. 'எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம்' என்று சேர்க்கும்போது கூட்டல் மட்டும் நடப்பதில்லை, கழித்தலும் நடக்கும். சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் கணக்கு வேறு, அதில் மாத்திரையின் பலன் தெளிவானது.

மற்ற டப்பாக்களைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளை நம்பி 2008-இல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் 72 கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்தை வாங்கியது, 2013-இல் அதன் அலுவலகத்தை மூடிவிட்டது. அதே மூன்று ஆய்வகச் சோதனையில் ரெஸ்வெரட்ரால் எலிகளின் ஆயுளை நீட்டவில்லை. டாரின் என்ற அமினோ அமிலம் எலிகளின் ஆயுளை 10 முதல் 12 சதவீதம் நீட்டியது என்றும், வயதாக ஆக அது ரத்தத்தில் குறைகிறது என்றும் 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படியொன்றும் குறைவதில்லை என்று 2025-இல் மனிதர், குரங்கு, எலி மூன்றையும் பார்த்த இன்னோர் ஆய்வு சொன்னது. என்எம்என் என்ற மாத்திரை, செல்கள் ஆற்றலை உண்டாக்கத் தேவையான என்ஏடி என்ற பொருளின் அளவை ரத்தத்தில் ஏற்றுகிறது. ஏறினால் என்ன ஆகும் என்பதுதான் தெரிய வேண்டும். வைட்டமின் டியும் ஒமேகா-3-உம் 25,871 பேரிடம் சோதிக்கப்பட்டு, புற்றுநோயையும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்தத்தையும் குறைக்கவில்லை என்று 2018-இல் முடிவு வந்தது.

'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே' என்பவர்களுக்கு ஃபின்லாந்து நினைவுக்கு வர வேண்டும். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் கலந்துகொண்ட சோதனையில், நல்லது செய்யும் என்று கொடுத்த பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயை 18 சதவீதம் கூட்டியது. முடிவு வெளியான வருடம் 1994. ஆஸ்பிரினும் அப்படித்தான். பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய ஆரோக்கியமான 19,114 பேரிடம் சோதித்ததில், ஊனமின்றி வாழும் காலத்தை அது நீட்டவில்லை, ரத்தக்கசிவை மட்டும் கூட்டியது.

பளு தூக்குவது

உடற்பயிற்சியை ஆதரிப்பவர்களும் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1,22,007 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்த பெரிய ஆய்வில், உடல்தகுதி மிகக் குறைந்தவர்களின் இறப்பு அபாயம் மிக உயர்ந்தவர்களைப்போல் ஐந்து மடங்கு இருந்தது. பிரமாதமான எண். ஆனால் ஏற்கெனவே நோயுள்ளவர் நன்றாக ஓடமாட்டார் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. நார்வேயில் 70 முதல் 77 வயதுவரை உள்ள 1,567 பேரைக் குலுக்கிப் பிரித்து ஐந்து வருடம் பயிற்சி செய்யவைத்தபோது, இறப்பு விகிதத்தில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களும் நன்றாக நடமாடுபவர்கள் என்பதும் ஒரு காரணம்.

ஆயுளை நீட்டும் என்று சத்தியம் செய்ய முடியாது, சரி. நண்பர் கேட்டது அதையா? 70 முதல் 89 வயதுவரை உள்ள, உட்கார்ந்தே பழகிய, ஏற்கெனவே கால் தளர்ந்த 1,635 பேரிடம் அமெரிக்காவில் நடந்த லைஃப் சோதனை எண்ணியது ஒன்றைத்தான்: 400 மீட்டர் தானாக நடக்க முடிகிறதா? சுமார் இரண்டரை வருடத்தில், சுகாதார வகுப்புக்கு மட்டும் போனவர்களில் 35.5 சதவீதம் பேர் அந்த நடையை இழந்தார்கள். நடை, தசை, சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 30.1 சதவீதம். நூறு பேரில் ஐந்து பேர் கூடுதலாகத் தாமே நடக்கிறார்கள். மேலே பார்த்த மாத்திரைகள், ஸ்கேன்கள், கடிகாரங்கள் எதற்கும் இப்படியொரு முடிவு கிடையாது.

தாமதமாகிவிட்டது என்பவர்களுக்கு 1990-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வைச் சொல்வேன். முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எட்டு வாரம் காலால் பளு தூக்கவைத்தார்கள். முடித்தவர்களின் கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடங்கிய பலமே கொஞ்சம்தான் என்பதால் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் நாற்காலியிலிருந்து கையூன்றி எழுவதற்கும் ஊன்றாமல் எழுவதற்கும் இடையிலுள்ள தூரம் அந்தக் கொஞ்சம்தான்.

பயிற்சியாளருக்குப் பணம் கொடுப்பது வீண் ஆடம்பரம் என்று நண்பரின் மனைவி நினைத்தார். நான் அவர் கட்சியில் சேரவில்லை. 2002-இல் முடிவு வந்த அமெரிக்கச் சர்க்கரைநோய்த் தடுப்புச் சோதனையில் 3,234 பேர். எல்லாரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலை அசைப்பது என்ற இலக்கோடு இருந்த குழுவினருக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். அறுபதைத் தாண்டியவர்களில் வாழ்க்கைமுறை மாற்றம் 71 சதவீதம் குறைத்தது, மாத்திரை அந்த வயதில் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்யவில்லை. ஆனால் அந்த 58 சதவீதத்தை 'நடங்க, சாப்பாட்டைக் குறைங்க' என்ற அறிவுரை கொண்டுவரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் ஆள் நியமித்து, 16 பாடங்கள் நடத்தி, விடாமல் பின்தொடர்ந்தார்கள். வேலை செய்தது அந்தப் பின்தொடரல். பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு தெரிந்ததுதான்: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி, 65-க்கு மேல் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும். பெரும்பாலோர் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டு நடையோடு நிறுத்திவிடுகிறார்கள். நடை நல்லது. ஆனால் வயதோடு கரையும் தசையைக் காப்பாற்ற அது போதாது.

பட்டினியைப் பற்றியும் கேட்டார். உணவை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி இரண்டு வருடம் நடந்த காலரி சோதனையில், நன்கு தேர்ந்தெடுத்த ஆர்வமுள்ளவர்களாலேயே 12 சதவீதம்தான் குறைக்க முடிந்தது. ரத்த அளவுகள் மேம்பட்டன, எலும்பு அடர்த்தி குறைந்தது. ஏற்கெனவே ஒல்லியான 52 வயதுக்காரருக்கு இது வேண்டாத விளையாட்டு.

யாரும் ஆயுள் மருத்துவம் என்று அழைக்காதவை

கையேட்டில் இடமே இல்லாத பகுதி இது. ஐம்பது வயதைத் தாண்டிய, இதய அபாயம் கூடிய 9,361 பேரிடம் ஸ்பிரிண்ட் என்ற சோதனை நடந்தது. மேல் ரத்த அழுத்தத்தை 140-க்குக் கீழே வைப்பதா, 120-க்குக் கீழே வைப்பதா? 120 குழுவில் எந்தக் காரணத்தாலும் நேரும் இறப்பு 27 சதவீதம் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் 2015-இல் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். தொடர்ந்து பார்த்ததில், மறதி தொடங்கும் நிலைக்குப் போவதும் 19 சதவீதம் குறைந்திருந்தது. இலவசமாக வந்ததல்ல இது. மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அந்தக் குழுவில் கூடுதல். இன்னொன்று, அங்கே பிரஷரை அளந்தது தனியறையில் அமைதியாக உட்காரவைத்துத் தானியங்கிக் கருவியால். அவசரமாக மருத்துவமனையில் அளக்கும் எண்ணோடு அதை நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் 148 என்பது இந்த இரண்டு இலக்குகளுக்கும் மேலே இருக்கிறது. நண்பர் சேர வேண்டிய குழு எது என்ற விவாதத்துக்கே அவர் இன்னும் வந்து சேரவில்லை.

எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு லிட்டருக்கு ஒவ்வொரு 1 மில்லிமோல் (நம் ரத்த அறிக்கைக் கணக்கில் சுமார் 39 மில்லிகிராம்) குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகக் குறைகின்றன. லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த, ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரைச் சோதனைகளின் தொகுப்பு அது. புகைப்பதை 30, 40, 50, 60 வயதில் நிறுத்தினால் முறையே சுமார் 10, 9, 6, 3 வருடம் ஆயுள் கிடைக்கும் என்பது பிரிட்டிஷ் மருத்துவர்களையே ஐம்பது வருடம் பின்தொடர்ந்து 2004-இல் சொன்ன முடிவு. இவ்வளவு தருவதாக எந்த ஆயுள் மருந்து நிறுவனமும் வாய்தவறிக்கூடச் சொல்லாது. நண்பர் புகைப்பதில்லை, அதனால் அந்தப் பத்து வருடம் ஏற்கெனவே அவர் கணக்கில்.

எனக்கு மிகவும் பிடித்தது அக்கித் தடுப்பூசிக் கதை. வேல்ஸில் அந்தத் தடுப்பூசி வந்தபோது 1933 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவர்களுக்குக் கிடையாது, அன்றோ அதன்பிறகோ பிறந்தவர்களுக்கு உண்டு என்று ஒரு விதி. ஒரு வாரம் முன்னே பிறந்தவருக்கும் பின்னே பிறந்தவருக்கும் வேறு என்ன வித்தியாசம் இருக்க முடியும்? இயற்கையே குலுக்கிப் பிரித்த மாதிரி ஆகிவிட்டது. ஏழு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மறதிநோய் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025-இல் வெளியான முடிவு. அக்கிக்காகப் போட்ட ஊசி மூளையைக் காத்ததா, ஏன், எப்படி என்பதெல்லாம் இனிமேல்தான். காது கேட்காததைச் சரிசெய்வதும் இந்த வரிசையில் வரும். பலர் வெட்கத்தால் தள்ளிப்போடும் சமாச்சாரம்.

பருமனும் இதயநோயும் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு புது மருந்தை இந்தப் பகுதியில் சேர்க்கலாம். செமாக்ளுடைட், 17,604 பேரிடம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவற்றின் மொத்தத்தை 20 சதவீதம் குறைத்தது. எடையோடு தசையும் போகும் என்பதால் அவர்களுக்கும் பளு தூக்குவது கட்டாயம்.

எந்த ஆளுக்கு எது

நண்பரின் இடத்தில் என் வரிசை இது: முதலில் பிரஷர், அதோடு கொழுப்பும் லிப்போபுரோட்டீன்-ஏவும். அதே வாரத்தில் பளு. ஸ்கேனும் கடிகாரமும் வேண்டாம். ராபமைசின் இப்போது வேண்டாம். ஆசை அடங்கவில்லை என்றால், பதிவுசெய்யப்பட்ட சோதனை ஒன்றில் சேர்ந்து எடுக்கலாம். அங்கே யாராவது அவர் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வரும் முடிவும் மற்றவர்களுக்குப் பயன்படும். இணையத்தில் வாங்கித் தனியாக விழுங்கினால் இரண்டும் இல்லை.

75 வயதுக்காரர் கேட்டிருந்தால் பளுவையும் சமநிலையையும் முதலில் வைத்து, பிரஷரை எவ்வளவு இறக்குவது என்பதை மருத்துவரோடு மெதுவாகப் பேசச் சொல்லியிருப்பேன். மயக்கம் போட்டு இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் எல்லாக் கணக்கும் மாறிவிடும். முப்பது வயதுக்காரருக்குப் புகைக்காமல் இருப்பதும் தூக்கமும் பளுவும் போதும். பணம் ஒரு பொருட்டே இல்லாதவர் கேட்டாலும் ஸ்கேனைப் பற்றி என் பதில் மாறாது. அதில் பயம் செலவைப் பற்றியதே இல்லை.

நண்பர் உடனே கேட்டுவிடவில்லை. பிரஷர் மாத்திரை என்றதும் முகம் சுருங்கியது. "அது போட ஆரம்பிச்சா வயசானவன்னு அர்த்தம் இல்லையா?" என்றார். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்த மருந்தை விழுங்கத் தயாராக இருந்தவர்! அப்புறம் ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே அளந்தார், சராசரி 144. மருத்துவரைப் பார்த்தார், மாத்திரை தொடங்கியது, வாரம் இரண்டு நாள் பயிற்சியாளரும் வந்தார்.

நேற்று ஒரு படம் அனுப்பினார். நோட்டில் தேதி தேதியாக எண்கள், கடைசி வரியில் 127-க்கு 81. அதன் கீழே: "நேத்து ஸ்குவாட் போட்டதுல இன்னைக்குப் படி இறங்க முடியல. இது நார்மலா?"